மிளகுச் சாக்கும் நீலச் சட்டைப் பிள்ளைகளும்

மச்சான்,

இன்று காலை பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் எலுமிச்சை பிழிந்த வாசனை மூக்கில் ஏறியதும், நீங்கள் பக்கத்தில் நிற்பதாகவே நினைத்து, "ரெண்டு சோடா" என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகள் சபீனா என்னைப் பார்த்தாள். இரண்டாவது அவளுக்கு என்று சமாளித்தேன். அவள் சோடா குடிக்கமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

போன வருடம் இதே ஸ்டாப்பில்தான் நாம் நின்றோம். அவளுக்குக் காலேஜ் தேட நீங்களும் நானும் கிளம்பிய கோலத்தில், கடல் கடந்து நாடு பிடிக்கப் போனவர்கள்கூடக் கிளம்பியிருக்க மாட்டார்கள். அக்கா கட்டிக்கொடுத்த அரிசிப் பத்திரி ஒரு படைக்குக் காணும். இடப்பள்ளிப் பக்கம் ஒரு காலேஜ் வாசலில் நீரூற்று இருந்தது. அரபிக்கடலுக்கே தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது என்றேன். உள்ளே ஃபீஸைச் சொன்னதும் எழுந்துகொண்டீர்கள். "நீரூற்று நல்லா இருக்கு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கி விற்ற கை உங்களுடையது. சாக்கின் மேலே கிடப்பதை நீங்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. முழங்கைவரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை எடுத்துக் கடிப்பீர்கள். காலேஜுக்கும் அதே முறை. "ஆபீஸ்ல உக்காந்திருக்கவன் மேல்மிளகுடா. கடைசி வருஷப் பிள்ளைகளப் பிடி."

அதனால்தான் நமக்குக் கட்டுப்படியாகிற, இந்த ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் எய்டட் காலேஜுக்குள் நீங்கள் கால்கூட வைக்கவில்லை. ஸ்டாப்பில் நின்ற நீலச் சட்டைப் பிள்ளைகளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தீர்கள்.

"லேப் எப்பவும் பூட்டுதான், இக்கா. சார்மாரும் நேரத்துக்கு வரமாட்டாங்க."

"ஹாஸ்டல் எப்படி?"

"அதச் சொல்லணும்னா இன்னொரு சோடா வேணும்."

அதையும் வாங்கிக் கொடுத்துக் கேட்டீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அடியில பூஞ்சை" என்றீர்கள். சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தது போல நாம் வீடு திரும்பினோம்.

மழைக்காலம் முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். மிளகுக் கடையும் போனது. எங்கள் கைக்கு எட்டுவதாக மிஞ்சியது இந்த ஒரு காலேஜ்தான். "அவர் வேண்டாம்னு சொன்ன இடத்துக்கா அனுப்புறது?" என்று அக்கா அழுதாள். "ஒரு தடவ உள்ள போய்ப் பாப்போம் மாமா" என்று சபீனா என்னை இழுத்துவந்தாள்.

சோடாவோடு நிற்கும்போது அதே நீலச் சட்டைகள் கூட்டமாக வந்தன. வந்தது இந்தக் கேட்டிலிருந்து அல்ல, மச்சான். மதிலுக்கு அந்தப்பக்கத்துக் கேட்டிலிருந்து. சோடாக்காரரைக் கேட்டேன்.

"அது வேற காலேஜாக்கும் இக்கா. அவங்க ஸ்டாப்புல நிழலில்ல. அதான் எப்பவும் இங்க வந்து நிப்பாங்க. இந்தக் காலேஜுக்கு யூனிபாரமே கிடையாதே."

அடுத்த சாக்கில் கையை விட்டு இந்தச் சாக்கைத் தள்ளியிருக்கிறோம். எர்ணாகுளமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் சபீனாவும் சிரித்தாள். உள்ளே போனோம். லேப் திறந்திருந்தது, உள்ளிருந்த பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வராந்தாவில் நின்று அவள் கேட்டாள், "அத்தா இருந்தா இப்ப என்ன சொல்லுவாரு மாமா?"

உங்கள் பெயரில் எத்தனை புளுகு விட்டவன் நான். ஒரு மகா பிரசங்கமே செய்திருக்கலாம். "சேர்ந்துக்கோன்னு சொல்லுவாரு" என்றேன். அது புளுகு இல்லை.

அக்கா இப்போது சமாதானமாகிவிட்டாள். கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் அன்று அவர்களை இந்தக் காலேஜ் பிள்ளைகள் என்று கைகாட்டியது நானா நீங்களா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் நான்தான் என்று சத்தியம் செய்வீர்கள். நீங்கள்தான் என்று நான் சண்டைக்கு நிற்பேன். அந்தச் சண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளில்லாமல் நிற்கிறேன், மச்சான்.