திருப்பாத மீன்

அக்ஸாவின் அப்பாவுக்கு,

அவள் போனிலிருந்து கூப்பிட்டால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள். அதனால் நாளை ஊருக்கு வரும் தேவகனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

துபாயில் நான் ராணி மாதிரி இருக்கிறேன். நீங்கள் பேரைக்கூடச் சொல்லாத சீன மருமகன்தான் காலையில் எனக்குச் சாயா போடுகிறார்.

நேற்று அவர்களுடைய புத்தாண்டு விருந்து. சம்பந்திகளும் சீனாவிலிருந்து வந்திருந்தார்கள். பாஷை தெரியாமலே வயிறு வலிக்கச் சிரித்தோம். முழு மீனை அவித்து நடுவில் வைத்தார்கள். ஒரு பக்கம் தீர்ந்ததும் நான் அதைத் திருப்பப் போனேன். சம்பந்தியம்மா பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“திருப்பாதீங்கம்மா, வள்ளம் கவிழ்ந்திரும்னு அவங்க ஊருல சொல்லுவாங்க. மாமாவும் கடலுக்குப் போனவங்கதான்” என்றாள் அக்ஸா.

“அவரு வள்ளத்தத்தான் வித்தாச்சே?” என்றேன்.

சம்பந்தி என்னவோ சொன்னார். அக்ஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நம்ம அப்பா வள்ளம் இப்பவும் கடல்லதானே கிடக்குன்னு மாமா கேக்காங்கம்மா.”

அதன்பிறகு யாரும் மீனைத் தொடவில்லை. மறுபாதி ஃப்ரீசரில் இருக்கிறது. இதைப் படிக்கும்போது கரையில்தான் இருப்பீர்கள். அவளைக் கூப்பிட்டு, வந்துசேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவரை இந்த வீட்டில் ஒருத்தரும் அதைத் திருப்பமாட்டோம்.

உங்கள் மகள் வீட்டிலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி