கரி பூசாத ஒன்பது ஏடுகள்

அனுப்புநர்:
சூ. அருமைநாதன்,
பியர்பொன்ட்ஸ், மொன்றியல்.

பெறுநர்:
திரு. ராஜசேகரன் அவர்கள்,
பொறுப்பாளர், தமிழ்ச் சுவடி மின்பதிவுத் திட்டம்,
பல்கலைக்கழக நூலகம், மொன்றியல்.

விடயம்: இணையத்திலுள்ள மருத்துவச் சுவடியில் விடுபட்ட ஏடுகளைச் சேர்க்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் குடும்பத்திலிருந்த ஐம்பத்திரண்டு ஏட்டு மருத்துவச் சுவடியை 2004இல் தங்கள் நூலகத்துக்கு மனமுவந்து அளித்தேன். பாடல்கள் இடைக்காலத்தவை, ஏடு பிற்காலப் பிரதி என்று தாங்களே தளத்தில் குறித்துள்ளீர்கள். உலகத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம் என்றபோது பெருமைப்பட்டேன். கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

2. தளத்தில் நாற்பத்து மூன்று ஏடுகளே உள்ளன. மிகுதி ஒன்பதும் எழுத்தற்றவை என்று விலக்கப்பட்டுள்ளன. அவை எழுத்தற்றவை அல்ல. எழுத்தாணியால் கீறியபின் கரி பூசினால்தான் ஏட்டில் எழுத்துத் தெரியும். அந்நாளில் ஏட்டில் படியெடுத்து எழுதியவர் அந்த ஒன்பதுக்கும் கரி பூசாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

3. நாற்பத்து மூன்றாம் ஏட்டில் மூட்டுவலிக்குச் சேராங்கொட்டை எண்ணெய் சொல்லப்பட்டுள்ளது. படத்தின் கீழே தாங்கள் தட்டச்சில் கொடுத்திருந்ததை என் மனைவி மாக்கிரட்டுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அதன்படி காய்ச்சி இரு முழங்காலிலும் பூசினார். தோல் கொப்புளித்து உரிந்து, பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். இன்னும் கோலூன்றித்தான் நடக்கிறார். நீங்கள் வாசித்ததைத்தானே செய்தேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

4. ஜனவரியில் நூலகத்துக்கு வந்து, விலக்கிய ஏடுகளில் முதலாவதை, அதாவது நாற்பத்து நான்காம் ஏட்டை, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். கொட்டையை நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யும் முறை அதில்தான் இருக்கிறது. சுத்தி செய்யாமல் உடம்பில் படவிடாதே என்றும் இருக்கிறது. உடனிருந்த ஊழியர் செல்வி றொஷினியும் பார்த்தார். கரி பூச அனுமதி கேட்டேன். அதற்குக் குழு கூட வேண்டும் என்றார்கள். சரிவாக வெளிச்சம் விட்டுப் படமெடுத்தால் கரிகூடத் தேவைப்படாது என்றும் சொல்லிப் பார்த்தேன். ஏழு வாரமாகக் குழு கூடவில்லை. நாற்பத்து மூன்றாம் ஏட்டின் இணையப் பக்கமோ திறந்தபடியே கிடக்கிறது.

5. நான் நட்டஈடு கேட்கவில்லை. சுவடியைத் திருப்பித் தரவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பது நல்லதென்றே இன்றும் எண்ணுகிறேன். அரைகுறையாகக் கிடைப்பதுதான் பயமாக இருக்கிறது. ஆகவே நாற்பத்து மூன்றாம் ஏட்டை இன்றே மறைக்குமாறும், ஒன்பதையும் சேர்த்தபின் திறக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

அந்த ஏட்டின் பக்கத்தை நான் அச்செடுத்த தாளைத் தெரிந்தவர்கள் எட்டுப் பேருக்குக் கொடுத்திருந்தேன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வரை வீடு வீடாகப் போய் எட்டையும் திருப்பி வாங்கிவிட்டேன். தங்கள் தளத்திலிருந்து எடுத்தவர்களின் வீடு எனக்குத் தெரியாது, ஐயா.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,
சூ. அருமைநாதன்
(கையொப்பம்)

இடம்: பியர்பொன்ட்ஸ்
திகதி: 14.03.2006