பழைய அணிக்கு ஒரு பாஸ்

சனிக்கிழமை, ஜூலை 12

பட்டினப்பாக்கம் ஸ்டீபனை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. முப்பத்தாறு வயது கால்பந்து நடுகள வீரர். வருடத்துக்கு ஒரு கிளப் மாறி, இந்த வருடம் மந்தைவெளி அணியில் ஆடுகிறார். காலையில் போன் செய்தார்.

"அண்ணே, சீசன்ல இதான் கடைசி மேட்ச். இன்னிக்கு நல்லா ஆடுனாதான் அடுத்த வருஷம் எவனாவது கூப்புடுவான். பேப்பர்ல பேரு வரணும்ணே."

எதிரே அடையாறு அணி. போன வருடம் ஸ்டீபன் ஆடியது அங்கேதான். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பந்து அவர் காலில் இருந்தது. அடையாறு ஸ்ட்ரைக்கர் ஜோசப் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டே, "மச்சி, குடு!" என்று கத்தினார். ஸ்டீபன் தலையைக்கூடத் தூக்காமல், பழகிய குரலுக்குக் கொடுத்துவிட்டார். இந்த சீசனில் அவர் கொடுத்த மிக அழகான பாஸ் அது. கோல். மந்தைவெளி தோற்றது.

"நைனா, நீ எந்த டீமுக்கு ஆடிக்கினு கீறே?" என்று அவருடைய கோச் அலறியது கேலரிவரை கேட்டது.

பேப்பருக்கான மேட்ச் செய்தியில் அவர் பெயரைப் போடாமல் எப்படி எழுதுவது? போட்டுத்தான் அனுப்பினேன். இனி யார் அவரை எடுப்பார்கள் என்று சங்கடமாக இருந்தது. சற்று நேரத்தில் ஸ்டீபனே கூப்பிட்டார்.

"அண்ணே, அடையாறு கோச் பேசினாரு. நீ போனதுலேர்ந்து ஜோசப்புக்கு இப்டி ஒரு பாஸ் வரவேயில்ல, திரும்பி வந்துடுன்றாரு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா மந்தைவெளி பசங்க கொரலும் இப்ப பழகிட்ச்சேண்ணே."