சுண்ணாம்புக் கோட்டுக்குள் நீங்கள்

இன்று காலை பஞ்சாயத்து ஆட்கள் உங்கள் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள், பாய். ஜமுனாமரத்தூர் பழைய சுடுகாட்டை மூடிவிட்டு அங்கே சந்தைக்கடைகள் வரப்போகின்றன.

தண்டோரா போட்ட அன்றே சந்தையில் ஒரு கிழவர் கேட்டார்: “மண்ணப் போட்டு மூடினதுதானே? மறுபடி இன்னாத்த மூடறாங்க?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் நினைப்பு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

நீங்கள் கடைசியாகப் புளி வாங்க மலையேறி வந்தபோது அடைமழை. மார்வலி வந்து என் புளிமண்டியிலேயே சாய்ந்தீர்கள். மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. உங்களை வாணியம்பாடிக்குக் கொண்டுபோக வழியில்லை. இங்கே உங்கள் ஆட்களுக்கென்று இடமும் இல்லை. “எங்க சுடுகாட்டுல வெளியாளா?” என்று ஊரார் முறைத்தார்கள். அப்போதைய தலைவர்தான், “செத்தவனுக்கு எடம் காட்டறது பஞ்சாயத்து வேல. அந்த மூலையில வைங்க” என்றார். மழையில் மாட்டிக்கொண்ட தோல் வியாபாரிகள் தொழுகை நடத்தினார்கள்.

உங்களோடு பேரம் பேசுவது பெரும்பாடு. புளியை விரலால் நசுக்கிப் பார்த்து, “கொட்டையப் பத்திப் பேசாத, சதை எவ்ளோ சொல்லு” என்பீர்கள். நானும் இப்போதைய தலைவரிடம் அப்படித்தான் சுற்றி வளைக்காமல் பேசினேன்.

மலை ஜனங்கள் இங்கே புதைத்த தங்கள் பெரியவர்களின் குழியிலிருந்து பிடிமண் எடுத்து, ஓடைக்கு அப்பால் பஞ்சாயத்து காட்டிய புது இடத்தில் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது போதும். உங்கள் மகனைக் கேட்டேன். “பிடிமண்ணு நம்ம வழக்கமில்ல மாமா. அத்தாவத் தோண்டவும் கூடாது. இருக்கற எடத்துலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிவிட்டான். சொல்வது சுலபம்.

தலைவர் கையை விரித்தார். “கோடு போட்டாச்சு. அந்தக் கடை யாருக்கு வுழுதோ அவன் கம்பம் நடக் குழி தோண்டத்தான் செய்வான்.”

“அப்டினா எனக்குக் குடுங்க.”

“இன்னா மொதலாளி, இளைப்பு தாங்கல, மலைக்குளிரு ஆகாது, மூட்ட கட்டிக்கினு மவன் வூட்டுக்குப் போறேன்னீங்க?”

போகத்தான் இருந்தேன், பாய். திருப்பத்தூரில் என் மகன் எனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறான். மண்டியைக் கைமாற்றப் பேசியும் முடித்தாயிற்று. இந்த இருமலோடு இன்னொரு மார்கழியை இங்கே தள்ள முடியுமா, தெரியாது. ஆனால் இடம் வேறு யார் கைக்குப் போனாலும் கடப்பாரை உங்கள் நெஞ்சில்தான் இறங்கும். நீங்கள் அசையக் கூடாது. அதனால் என்னாலும் அசைய முடியவில்லை.

பேசி முடித்தது இதுதான். கடை என் பெயரில் மட்டும். மகன் பெயருக்குக்கூட மாற்ற முடியாது. கம்பம் கிடையாது, கூரை கிடையாது, தளம் கிடையாது. உங்களை விட்டு ஓரமாக, வெறுந்தரையில் சாக்கு விரித்துப் புளி விற்கலாம். மழையானாலும் பனியானாலும் சந்தை நாளில் நானே வந்து உட்கார வேண்டும். ஒரு சந்தைக்கு வராவிட்டாலும் இடம் பஞ்சாயத்துக்கே திரும்பிவிடும்.