எட்டு நிமிடப் படிவம்

786

மடுகரை
16-7-1979

அன்பு மகள் நூருன்னிசாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை நிஜாமுதீனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உன் கடிதம் கிடைத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஏழாம் மாதத்தில் ஊருக்கு வர எந்தத் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுக்கச் சொல்லட்டும், தலைப்பிரசவம் அம்மா கையால்தான், பம்பாயில் எனக்கு யாரையும் தெரியாது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு ஒரு வரிப் பதில் போதும். அந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் இத்தனை நாள் ஓடிவிட்டது. மூன்று இன்லண்டு வாங்கிக் கெடுத்தேன், கடைசியில் முழுத்தாள் எடுத்துக் கவரில் போடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிற உன் அத்தாவுக்குச் சொந்த மகளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை என்று நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

இந்த வருஷம் வெயில் இன்னும் இறங்கவில்லை, பாகூர் ஏரியில் மாடு நடந்து போகிறது என்கிறார்கள். கடை பாதி நேரம் மூடித்தான் கிடக்கிறது, ஏன் என்று சொல்கிறேன். சித்திரை மாதம் சரக்கு எடுக்கப் பாகூர் போயிருந்தேன். நாங்கள் கிழவர்கள் இன்னும் மேரி என்றே சொல்கிற கொம்யூன் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, ஏலமோ காலரா ஊசியோ, கடைசி வரி வரை படிக்காமல் நகர மாட்டேன். பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகள் இனி ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதில் முப்பத்திரண்டு கட்டம், ஒரு படிவம் நிரப்ப எட்டு நிமிடம் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறோம், இந்த மதிப்பீடு சரிதானா, இந்த விவரமெல்லாம் தேவைதானா என்று பொதுமக்களும் இந்தத் தொழில் செய்வோரும் தங்கள் கருத்தை முப்பது நாளுக்குள் எழுதி அனுப்பலாம் என்று போட்டு, படிவத்தின் மாதிரி ஒன்றையும் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் இருந்தபோதும் நம்மிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை, அவன் போன பிறகும் கேட்டதில்லை. அங்கேயே நின்று முப்பத்திரண்டு கட்டத்தையும் பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். உன் அம்மாவிடம் சொன்னால், 'கேக்கறவன் கேப்பான், நீங்க இன்னாத்துக்குப் போயி வாயக் குடுக்கறீங்க' என்றாள். பதினோரு வருஷமாகச் சர்க்கார் பேட்ஜ் குத்திக்கொண்டு பிரசவம் பார்க்கத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் அவள், கருத்துச் சொல்ல அவளைவிட்டால் யாருக்கு உரிமை என்று நான் வீறாப்பாகப் பேசினேன்.

எட்டு நிமிடம் என்கிறார்களே, அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சாமிநாதன் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் ருக்குமணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, உன் அம்மா கையால் ஆண் பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. பெயர், வயது எழுதினேன். மூன்றாவது கட்டம் புருஷன் பெயர். அந்தப் பெண் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிக்கிறது. எந்த ஊர்ப் பெண் வாய் திறந்து புருஷன் பெயரைச் சொல்லும்? அவள் அம்மா அமுதமும் மருமகன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றாள். கடைசியில் கரும்பு வயலிலிருந்து சாமிநாதனைக் கூப்பிட்டு வந்து, சுப்புராயன் என்று அவர் சொல்லித்தான் எழுதினேன். அடுத்தது நிரந்தர விலாசம், அது புருஷன் ஊர், வாய்க்கால் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம். அதற்கடுத்தது கர்ப்பிணி கார்டு நம்பர். அந்தக் கார்டு மாமியார் பெட்டியில் இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று, பாதிக் கட்டம் காலி. நம் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், கார்டு கொடுக்கிறதோ புருஷன் ஊரில்தான், நடுவில் புதுச்சேரி எல்லைக்கோடு. இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா என்று நாலு பக்கம் எழுதினேன். வெறும் பேச்சாக இருக்கக் கூடாது என்று, உன் அம்மா பார்க்கிற பிரசவத்தையெல்லாம் நான் எழுதி வைக்கிற நோட்டை எடுத்து, இந்த வருஷம் கார்டு இல்லாமல் தாய்வீடு வந்து பிள்ளை பெற்ற பதினோரு பெண்களின் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் அத்தாட்சியாகச் சேர்த்தேன். கீழே உன் அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஜொஹரா பீவி என்று ஒவ்வொரு எழுத்தாகக் குந்திக்கொண்டு போட்டாள். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கு அடையாளமாகத் திரும்பி வந்த அட்டையைக் கடையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைக் காட்டினேன். இதை உன்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்து ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கலர் உடைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஃபைலைத் திறந்தார்கள். உள்ளே என் நாலு பக்கமும் இருக்கிறது, பதினோரு பெயருக்கும் கீழே சிவப்பு மசியில் கோடு. கார்டு இல்லாத பிரசவத்தை மருத்துவச்சி தொடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று தை மாதமே உத்தரவு போட்டாயிற்றாம். படிவத்துக்குத்தான் கருத்துக் கேட்டார்களாம், உத்தரவுக்கு இல்லையாம். அப்படி ஒரு உத்தரவு நமக்கு வரவே இல்லையே என்றேன். அவர்களில் சின்ன அதிகாரி உன் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து, கத்தரிக்கோலுக்கு அடியில் விரித்திருந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துக் காட்டினார். நூலும் பிளேடும் வாங்கப் போனபோது கூடவே கொடுத்த காகிதம், பெட்டி துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று இவள் அடியில் போட்டிருக்கிறாள். சுவரில் ஒட்டிய காகிதத்தையெல்லாம் நின்று படிக்கிறவன் நான், என் வீட்டுக்குள்ளே நாலு மாதமாகக் கிடந்ததைப் பார்க்கவில்லை. பதினோரு தடவை உத்தரவை மீறியதாக மருத்துவச்சியே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று ஃபைலில் எழுதியாயிற்று. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை, குரலைத் தாழ்த்தி, 'கோவிச்சிக்காதீங்க பாய், மேல கேக்கறாங்க, நான் இன்னா பண்றது' என்றார். பெட்டி, பேட்ஜ், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் உன் அம்மா எந்தப் பிரசவத்திலும் கை வைக்கக் கூடாது, வைத்தால் பேரை அடித்துவிடுவார்கள், கேஸும் போடுவார்கள். நான் எழுதியதால் வந்தது, நூரு. அவள் வேண்டாம் என்றாள்.

அப்புறம் பதினோரு பிரசவத்துக்கும் தனித்தனியாக விளக்கம், மூன்று பிரதி, ஒவ்வொன்றோடும் அந்தப் பெண்ணின் கார்டு என்று கேட்டு ஓலை வந்தது. கடையை மூடிவிட்டு ஒரு மாதம் ஊர் ஊராக பஸ்ஸில் அலைந்தேன். ஆறு கார்டு கிடைத்தது. ஒன்றைப் புருஷன் நெய்வேலிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஒன்றைப் பிள்ளை வாயில் வைத்து மென்றுவிட்டது. இரண்டு பேருக்குக் கார்டே போடவில்லை. ஒரு வீட்டில் மாமியார்க்காரி, போலீஸ் விவகாரம் எங்களுக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். போன மாதக் கடைசியில் உன் அம்மாவையே விசாரணைக்கு வரச் சொன்னார்கள், கூட்டிக்கொண்டு போனேன். காலையிலிருந்து லுஹர் தொழுகை நேரம் தாண்டும்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா பெயர் கேட்டான், சொன்னாள். புருஷன் பெயர் கேட்டான். பேசாமல் நிற்கிறாள். முப்பத்தாறு வருஷத்தில் என்னை 'இந்தாங்க' என்பாள், நீ பிறந்த பிறகு 'நூரு அத்தா' என்பாள், அவ்வளவுதான். நான் முன்னால் போய்ச் சொல்ல வாயெடுத்தேன். 'நீங்க சொல்லக் கூடாதுபா, அவுங்க வாயாலதான் சொல்லணும், ரூல்' என்றான் அவன். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, ஹாஜா மைதீன் என்றாள். வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. அவன் அதை எழுதிக்கொண்டு, ஐந்து கார்டு குறைகிறது, அது வருகிறவரை ஃபைல் நகராது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டான். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு, 'பேர வேற சொல்ல வச்சிட்டீங்களே' என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கடைப் பக்கம் போய்விட்டேன்.

போன வியாழக்கிழமை பட்டப்பகலில் சிங்காரவேலு மருமகள் தனக்கொடிக்கு வலி கண்டுவிட்டது. பஸ் போய்விட்டது, வண்டி மாடு ஏர் ஓட்டப் போயிருக்கிறது. அவர் பெண்சாதி விருத்தாம்பாள் ஓடி வந்து, 'பாயம்மா, எங்கள வுட்டுடாத, வூட்டுல யாரும் இல்ல' என்று கையைப் பிடித்தாள். உன் அம்மா போனாள். போய் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். இரண்டு கையையும் முந்தானையால் சுற்றிக் கட்டிக்கொண்டு, தெருவே பார்க்க, அங்கிருந்தபடியே இப்படித் திருப்பு, அவசரப்படாதே, இப்போது நூலைக் கட்டு என்று விருத்தாம்பாளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண் குழந்தை, அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நல்லபடி. ஆனால் உள்ளே அந்தப் பெண் கத்தும்போதெல்லாம் உன் அம்மாவின் கட்டிய கை பிள்ளையை ஏந்துவது போல முன்னால் நீண்டதை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வழக்கம்போல நோட்டை எடுத்தேன். தேதி எழுதினேன், வீடு எழுதினேன், பெண் என்று எழுதினேன், யார் பார்த்தது என்ற இடத்தில் எழுத ஒன்றும் தோன்றவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

இப்போது உன் டிக்கெட். உன் கார்டு பம்பாய்க் கார்டு. நீ இங்கே வந்தால் பன்னிரண்டாவது பெயர் நீதான். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பம்பாயிலிருந்து மாற்றுக் கடிதம் வேண்டுமாம், அதில் அங்கே ஒரு அதிகாரி, இங்கே ஒரு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டுமாம். இங்கே யார் அந்த அதிகாரி என்று மூன்று இடத்தில் கேட்டேன், மூன்று பேரும் வேறு வேறு இடம் சொன்னார்கள். அங்கேயே ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள் என்று எழுத நினைத்தேன், நீ பயமாக இருக்கிறது என்று எழுதிய வரி கண்ணில் படுகிறது. கிளம்பி வா என்று எழுத நினைத்தேன், வந்த பிறகு உனக்கு வலி கண்டால் உன் அம்மா எங்கே நிற்பாள் என்று நினைத்துப் பேனாவை வைத்துவிட்டேன். யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியவில்லை. எழுதினால் போதும் என்று நினைத்து வளர்ந்தவன் நான், எனக்கு வேறு வழி தெரியாது. நேற்றுப் பாகூர் போனபோது அதே சுவரில் புதுசாக இன்னொரு நோட்டீஸ், அதிலும் கருத்துத் தெரிவிக்கலாம், கருத்துத் தெரிவிக்கலாம் என்று போட்டிருக்கிறது. மேலே படிக்காமல் வந்துவிட்டேன்.

இன்னும் பத்து நாளில் நோன்பு வருகிறது. இந்த வருஷம் பிடிக்கிறேன் என்று அடம் பிடிக்காதே, பிள்ளைத்தாய்ச்சிக்குச் சலுகை உண்டு, பிறகு பிடித்துக்கொள்ளலாம். மாடிப்படி ஏறும்போது தண்ணீர்க் குடம் தூக்காதே. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, அவரிடம் இந்த விஷயம் எல்லாவற்றையும் சொல், மாற்றுக் கடிதம் எங்கே வாங்குவது என்று அங்கே விசாரிக்கச் சொல். உன் கார்டைப் பத்திரமாக வை, தண்ணீர் படாமல் வை, யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதே.

எழுதி முடித்ததை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்து வெந்நீரில் போட்டுக் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தாள், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கடைசியில் டிக்கெட்டுக்கு என்ன பதில் எழுத என்று கேட்டேன். மடித்து முடித்த பிறகு சொன்னாள், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'வரச் சொல்லுங்க. நான் கை வக்க மாட்டேன். விருத்தாம்பாளக் கூப்ட்டு வச்சிக்கலாம். நான் தலமாட்டுல ஒக்காந்து எம் பொண்ணு கையப் புடிச்சிக்கறேன். அதுக்குக் கட்டம் ஒண்ணும் இல்லியே?' இல்லை என்று சொன்னேன். முப்பத்திரண்டையும் நான் படித்திருக்கிறேன்.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் லேசாக்கி வைப்பானாக. செப்டம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொல். கார்டை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அத்தா
ஹாஜா மைதீன்