இரண்டு சுற்றுக் குறைந்த ஸ்பிரிங்

மகளே,

ருமென் செத்தது அவன் தவறால் அல்ல. வேட்டையில் முதல் குண்டில் காயம்பட்ட காட்டுப்பன்றி திரும்பிப் பாய்ந்தபோது இரண்டாம் குண்டு ஏறவில்லை. உன் கணவன் துப்பாக்கியைத் துடைத்து வைக்கவில்லை என்று வேட்டைத் தலைவர் கிரோ குறிப்பேட்டில் எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்றுதான் அவன் துப்பாக்கியைப் பிரித்தேன். அழுக்கில்லை, தோட்டா அடுக்கும் மேகசினிலும் குறையில்லை. அடுத்த தோட்டாவை ஏற்றி மூடும் போல்ட்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங்கில் மட்டும் இரண்டு சுற்றுக் குறைவு. பிரிக்கும் முன்பே அது எனக்குத் தெரியும்.

வெடிமருந்தை மிச்சம்பிடித்து வீட்டில் அடைக்கும் தோட்டாவுக்கு முழு ஸ்பிரிங்கைத் தள்ளப் பலம் போதாது. அதனால் என் துப்பாக்கிப் பட்டறையில் கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்பிரிங்கை வெட்டிக் கொடுத்தேன். பனியில் எண்ணெய் இறுகினால் குட்டை ஸ்பிரிங் போல்ட்டை முழுதாக மூடாது. அதைச் சொன்னால் யாரும் வெட்டச் சொல்லமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை.

"வெட்டிவிடுங்க மாமா, பன்றி என்ன அளந்தா பார்க்கப் போகுது?" என்றான் ருமென். இருவரும் சிரித்தோம்.

இன்று கிரோவிடம் சொன்னேன். "சொந்த மருமகனுக்குமாடா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை.

பேசி முடித்தது இதுதான்: ருமெனின் நாற்பதாம் நாள் சடங்கில், அவனுக்காக அவித்த கோதுமை வைத்த மேசை முன் எல்லார் காதிலும் விழ நான் சொல்ல வேண்டும், அவர் குறிப்பேட்டில் அந்த வரியை அடிப்பார், துப்பாக்கி பழுதுபார்க்கும் என் உரிமத்தை அங்கேயே ஒப்படைப்பேன். நீ கூப்பிடாமல் உன் வாசலுக்கு வரமாட்டேன்.

உன் அப்பா