சங்குமுகத்தில் புரண்ட ராக்கெட்

அண்ணா,

இருபத்தாறு மணி நேரமாக உன்னோடு நான் பேசவில்லை. நீ இன்னும் கவனிக்கவில்லை.

மோர்க்கூட்டான் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடு. நாலு மணிக்கு ராக்கெட் கிளப் செக்ரட்டரி வருகிறார். அடுத்த ராக்கெட்டை நான் செய்யலாமா என்று கேட்கப் போகிறார். என்னிடம் இல்லை, உன்னிடம்.

நேற்று சங்குமுகம் கடற்கரையில் நான் செய்த ராக்கெட் கிளம்பியதுமே புரண்டு மணலில் குத்தியது. "பொம்மனாட்டி போட்ட கணக்கோன்னோ, கரணந்தான் அடிக்கும்!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாய்.

வால் இறக்கை மூன்றையும் நான்தான் அளந்து வெட்டினேன். நூலில் கட்டிச் சுழற்றியபோது மூக்கு முன்னாலேயே போயிற்று; அப்படிப் போனால் பறக்கும்போது புரளாது. பிறகு அதை நீ சரஸ்வதி பூஜையில் வைத்தாய். விஜயதசமி வரை தொடக் கூடாது என்றாய். தொடவில்லை. நேற்று விஜயதசமி; காலையில் நீயே கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய்.

செக்ரட்டரிக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம்.

விசாலம்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். உடைந்த வாலை இன்று நிறுத்துப் பார்த்தேன். நான் வெட்டி ஒட்டியபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு கனம். வால் கனத்தால் எந்த ராக்கெட்டும் புரளும். செக்ரட்டரியிடம் உன் வாயால் சொல்: "அவ கணக்கு சரிதான் சார். பூஜையில ரெக்கை பூரா சந்தனத்தை அப்பினது நான்தான்."